மாப்பிள்ளைக்கு என்ன வேலை

முடிச்சூரில் குப்புராஜுக்கு வேலை என்று ஒன்று கிடையாது. வேலை செய்கிறவர்களைப் பார்த்து முகம் சுளிப்பதை வேலையாக எடுத்துக்கொண்டால் அதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அப்பன் காலத்தில் ஏர் பிடித்த குடும்பம்தான். வயலெல்லாம் பிளாட்டாகி, பிளாட்டெல்லாம் வீடாகி, மிச்சம் வைத்துக்கொண்ட இடத்தில் வரிசையாகப் போர்ஷன்கள் கட்டி வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அவர் கையில் மண் பட்டதில்லை. காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். நேரே மெயின் ரோட்டு டீக்கடை பெஞ்சு. அங்கே குந்திக்கொண்டு, போகிறவன் கொத்தனா, பெயின்டரா, கம்பெனியில் மூட்டை தூக்குகிறவனா என்று தரம் பிரித்து முடித்த பிறகுதான் இரண்டாவது டீ சொல்வார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள் ஓவியா. பி.காம். படித்துவிட்டு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்வந்தவள், ஸ்கூட்டியில் ஆட்டோ இடித்த அன்று பீர்க்கன்காரணையில் பிரிட்டோவின் ஒர்க் ஷாப்புக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே டிங்கர் வேலை செய்துகொண்டிருந்த கதிரேசனைத்தான் கட்டுவேன் என்று அடுத்த வருஷம் வீட்டில் வந்து நின்றாள். நசுங்கிய கார்க் கதவை உள்ளேயிருந்து தட்டித் தட்டி எடுத்து, பள்ளத்தை நிரப்பும் பட்டிப் பசையை வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அடிபட்ட இடமே தெரியாமல் செய்துவிடுகிற கைகாரன். குடி கிடையாது, வாய் கிடையாது. அதெல்லாம் குப்புராஜுக்கு எதற்கு? டிங்கர் என்ற சொல்லைக் கேட்டதும் மூன்று நாள் படுத்துவிட்டார்.

எழுந்தபோது ஒரு யோசனையோடு எழுந்தார். கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்கிறேன், மாடியிலேயே இருங்கள், ஆனால் வெளியில் மாப்பிள்ளை என்ஜினியர். அதற்குத் தக்கபடி கதிரேசன் தினமும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் கிளம்ப வேண்டும். தோளில் ஒரு லேப்டாப் பை. அதற்குள்ளே டிபன் பாக்ஸும் கிரீஸ் படிந்த காக்கியும். ஒர்க் ஷாப்பில் போய் மாற்றிக்கொண்டு, சாயங்காலம் மறுபடி என்ஜினியராகத் திரும்ப வேண்டும். காக்கியை மொட்டைமாடிக் கொடியில் போட்டால் தெருவுக்குத் தெரியும் என்று ஓவியா அதைக் குளியலறையிலேயே காயப்போட்டாள். ஐப்பசி கார்த்திகையில் அது காயவே காயாது. ஈரத்தோடு மடித்துக் கொடுப்பாள், அவனும் அப்படியே வாங்கிக்கொண்டு போவான். ஐந்து வருஷம் இந்தக் கூத்து நடந்தது.

ஆஸ்திரேலியாவில் ஜீலாங் என்ற ஊரில் கார்களுக்கு டென்ட், அதாவது நசுங்கல், எடுக்கிற கடை வைத்திருந்த ஒருவருக்கு ஆள் கிடைக்காமல் திண்டாட்டம். பிரிட்டோவின் மச்சினன் அந்தப் பக்கம் இருக்கிறான், அவன் மூலமாகப் பேச்சு வந்தது. அந்த ஓனர் வீடியோ காலிலேயே பரீட்சை வைத்தார். பிரிட்டோ போனைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள, கதிரேசன் ஒரு கதவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை செய்து காட்டினான். நடுவில் அந்த மனிதர் தூங்கிவிட்டாரோ என்று பிரிட்டோவுக்குச் சந்தேகம், அவ்வளவு அமைதி. முடிந்ததும் "எப்போது வர முடியும்" என்று மட்டும் கேட்டார். அவரே ஸ்பான்சர். டிங்கருக்கு அங்கே ஆள் பஞ்சம், அதனால் டிங்கர் வேலைக்கென்றே விசா. இங்கிலீஷ் பரீட்சைக்கு ஓவியா சொல்லிக் கொடுத்தாள். சுத்தியல் பிடித்த கை பேனா பிடித்து இரண்டாவது தடவையில் தேறியது. கடைசியாக மேற்குத் தாம்பரத்தில் பேக்கரிக்கு மேலே இருக்கும் கன்சல்டன்சியில் மிருதுளா என்கிற பெண் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவைத்தாள்.

விசா விண்ணப்பத்தில் வீட்டு போன் நம்பர் என்று ஒன்று கேட்டிருந்தார்கள். ஓவியா தன் நம்பரைத்தான் கொடுப்பதாக இருந்தாள். அம்மா தனக்கோடிதான் தடுத்தாள். "வூட்டுக்குப் பெரிய மனுசன் ஒருத்தரு கீறப்போ உன் நம்பர குடுத்தா அத்தையே சொல்லி சொல்லிக் காட்டுவாரு. அவரு நம்பரே இருக்கட்டும், ஒரு மருவாதி" என்றாள். அந்த மரியாதைக்குத்தான் குடும்பமே விலை கொடுத்தது.

ஒரு மத்தியானம் சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது குப்புராஜ் டீக்கடையிலிருந்து வந்தார். நடையிலேயே ஒரு மிதப்பு.

"இன்னாம்மா ஓவியா, உன் வூட்டுக்காரரு வேலைய நான் முடிச்சுக் குட்த்துட்டேன்."

"என்ன வேலைப்பா?"

"விசா ஆபீஸ்லேர்ந்து போனு. சோறு போடு, சொல்றேன்." தட்டின் முன்னால் உட்கார்ந்தார். "ஒரு ஆளு, நல்லா தமிழ்ல பேசறான். கதிரேசன் வூடான்னான். ஆமா, நான் மாமனாருன்னேன். அவரு இன்னா வேலை செய்றாருன்னான்."

ஓவியாவின் கையில் கரண்டி நின்றது. "நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? பெஞ்சுல நம்ம லோகு கீறான், பால்காரன் கீறான், அல்லாரும் குந்திகினு கேட்டுகினு கீறானுங்க. ஸ்பீக்கர்ல வேற போட்டுட்டேன்."

"ஸ்பீக்கர்ல எதுக்குப்பா போட்டீங்க?"

"ஃபாரின் விசயம்மா. நாலு பேரு கேட்டா இன்னா கொறஞ்சிடும்? மறைமலை நகர்ல பெரிய கார் கம்பெனி, அதுல என்ஜினியருன்னேன். ஏசி ரூமு, கீழ நாப்பது பேரு வேலை செய்றாங்கன்னேன். அவன் வுடல. மறுக்கா கேக்கறான், இந்த டென்ட் எடுக்கறது, டிங்கரிங், அந்த மாதிரி எதுனா செய்வாரான்னு. எனக்கு ஜிவ்வுனு ஏறிட்ச்சு. இன்னா சார் பேசற நீ, எங்க குடும்பத்துல அந்த மாதிரி வேலை எவனும் செய்ய மாட்டான்னு வெச்சேன் பாரு. தேங்ஸ்னு கட் பண்ணிட்டான். குழம்பு ஊத்தும்மா."

தனக்கோடி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அய்யய்யோ, அவன் டிங்கருன்னுதானேய்யா அவுங்க கூப்புட்றாங்க!"

"அத்த அங்க போயி பாத்துக்கட்டும். இங்க எதுக்கு நான் சொல்லணும்?"

ஓவியா குழம்பை ஊற்றினாள். அப்பா ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மீன் நல்ல பதம் என்று பாராட்டினார். அவளுக்கு அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சொந்த மகளின் பிழைப்பை டீக்கடையில் நாலு பேர் வாய் பிளப்பதற்காகப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அது அவருக்குத் தெரியக்கூட இல்லை. தெரிந்து செய்திருந்தால்கூடச் சண்டை போடலாம் என்று நினைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

சில நாளில் மிருதுளாவுக்கு மெயில் வந்தது. ஓவியாவும் கதிரேசனும் போனார்கள். கீழே பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாசனை ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் நேரா சொல்லிடறேன்" என்றாள் மிருதுளா. "அப்ளிகேஷன்ல இவர் டிங்கர். வீட்ல கேட்டா என்ஜினியர்னு சொல்றாங்க. எது பொய்னு கேட்டிருக்காங்க. பதில் சொல்ல நாலு வாரம் டைம்."

"எல்லா ப்ரூஃபும் இருக்கே மிருதுளா. பிரிட்டோ அண்ணன் லெட்டர், சம்பளம், வேலை செய்யற போட்டோ..."

"எல்லாம் இருக்கு, அதையும் அனுப்பறேன். ஆனா மாமனாரே அடிச்சுச் சொல்லியிருக்காரு, இவங்க குடும்பத்துல யாருமே அந்த வேலை செய்ய மாட்டாங்கன்னு. அப்ப இதெல்லாம் செட்டப்பான்னு தோணுமில்ல? பொய்த் தகவல்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா மூணு வருஷத்துக்கு எந்த விசாவும் கேக்க முடியாது. அந்த ஓனர் மூணு வருஷம் வெயிட் பண்ணுவாரா?"

கதிரேசன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் சாம்பல் நிறப் பிரைமர் பெயின்ட். ஆங்கிலத்தில் எத்தனை பக்கம் அனுப்பினாலும் அந்தக் கையைப் பார்க்க ஒருத்தருக்கும் வழியில்லை.

"மறுபடி போன் பண்ணுவாங்க அக்கா. அதே நம்பருக்கு. உங்க அப்பா அவர் வாயால மாத்திச் சொல்லணும். டிங்கர், இத்தனை வருஷமா டிங்கர். அவ்வளவுதான், ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷ வேலை. ஓவியாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த மனுஷர் ஏரியில் இறங்கச் சொன்னால்கூட இறங்குவார், இதைச் சொல்ல மாட்டார்.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. முடிச்சூரில் மழை என்றால் வெள்ளம்தான், முதலில் காரை மேடான இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள், பிறகுதான் மனிதர்களைப் பற்றி யோசிப்பார்கள். குப்புராஜ் தன் காரைப் பத்திரப்படுத்திவிட்டு ஈர வேட்டியோடு உள்ளே வந்ததும் பேச்சு ஆரம்பித்தது.

"நான் சொன்னத நானே இல்லன்னு சொல்லணுமா? இன்னா ஓவியா, வெளையாடறியா? ஊரே கேட்டுகினு இருந்திச்சு."

"இந்தத் தடவை ஸ்பீக்கர்ல போடாதீங்க. ரூம்ல போய்ப் பேசுங்க."

"அந்த ஆளுக்குத் தெரியும்ல? இன்னாடா இவன், அன்னிக்கு ஒண்ணு இன்னிக்கு ஒண்ணுன்னு நெனைக்க மாட்டான்?"

"அந்த ஆள் யாருப்பா? பேர் தெரியுமா? மூஞ்சி தெரியுமா? அவர் உங்களைப் பத்தி என்ன நினைச்சா உங்களுக்கு என்ன?"

குப்புராஜ் துண்டால் தலையைத் துவட்டியபடியே, "மானம்னு ஒண்ணு கீதும்மா" என்றார்.

கதவோரம் நின்றிருந்த கதிரேசன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மாமா, என் கை வேலையப் பாத்துத்தான் கூப்புட்றாரு. நீங்க சொன்ன என்ஜினியர அங்க யாரும் கேக்கல. அஞ்சு வருசமா நீங்க சொன்ன சட்டையப் போட்டுகினு போனேன். ஒரு வாட்டி, ஒரே வாட்டி, நான் செய்ற வேலையச் சொல்லிடுங்க."

"பாக்கலாம் மாப்ள" என்றார் குப்புராஜ். செய்யப்போவதில்லை என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

மாடியில் ஓவியா பொரிந்து தள்ளினாள். மானமாம் மானம். வயலை விற்றபோது வராத மானம், வாடகை ஏற்றும்போது வராத மானம், உழைக்கிறவனைப் பார்த்தால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. கதிரேசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர மட்டும் சொல்லாத ஓவி. துணிய உள்ள காயப்போட்டது நீதானே" என்றான். கோபத்தோடுகூடச் சொல்லவில்லை. அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது, திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசியில் காரியத்தைக் கையில் எடுத்தவள் தனக்கோடி. மறுநாள் காலை குப்புராஜ் வந்து உட்கார்ந்தபோது இட்லிப் பானை அடுப்பிலேயே ஏறவில்லை.

"இன்னா, நாஸ்தா இல்லியா?"

"மாப்ள டிங்கருன்னு நீ உன் வாயால சொல்ற வரைக்கும் இந்த வூட்ல உனக்கு சோறு கெடையாது. டீக்கடைல பேசற வாய்தானே, அங்கியே துன்னு."

"ஏ, இன்னா டபாய்க்கிறியா?"

"நான் எதுக்கு டபாய்க்கிறேன்? போன மாசம் உன் காரு வண்டலூர்ல இடிச்சுகினு வந்தப்போ நசுங்கல யாரு எட்த்தாங்க? ராவோட ராவா அவன்தான் எட்த்தான். கண்ணாடி மாதிரி கீதுன்னு ஊரெல்லாம் காட்டிகினு வந்த. அப்போ டிங்கரு வேணும், போன்ல மட்டும் வேணாமா? போய்யா."

குப்புராஜ் இரண்டு நாள் கடைப் பரோட்டாவில் காலம் தள்ளினார். மூன்றாம் நாள் வயிறு கெட்டுப்போய் வழிக்கு வந்தார். "சொல்லித் தொலைக்கிறேன். ஆனா தனியாத்தான் சொல்வேன். எவனும் பக்கத்துல இருக்கக் கூடாது." வயிற்றால் வந்த ஞானம் என்றாலும் ஞானம்தானே என்று தனக்கோடி ரசம் வைத்துப் போட்டாள்.

போன் வந்த நேரம் பார்த்து வீட்டில் லோகநாதன் இருந்தார். குப்புராஜின் டீக்கடைக் கூட்டாளி, நில புரோக்கர். வெளியே தூறல். வேகவைத்த வேர்க்கடலையை மடியில் கொட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, பதுவஞ்சேரியில் விலைக்கு வந்திருக்கும் இடத்தைப் பற்றி வளவளத்துக்கொண்டிருந்தார். குப்புராஜ் போனைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். எழுந்து, "ஒரு நிமிசம் லோகு" என்று பின்கட்டுக்குப் போனார். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஓவியா சோப்புக் கையோடு அவர் பின்னால் வந்து நின்றாள்.

"ஆமா சார்... குப்புராஜ்தான் பேசறேன்." கூடத்துக்குக் கேட்காதபடி பேசினார். "கதிரேசனா? தெரியும் சார். டிங்கர்தான். பீர்க்கன்காரணைல, பிரிட்டோ ஒர்க் ஷாப்ல... ஆமா சார், ரொம்ப வருசமா அதான் வேலை. நல்லாவே செய்வான்."

ஓவியா மூச்சு விட்டாள். சொல்லிவிட்டார். இவ்வளவுதானே, இதற்கா இத்தனை பாடு என்று நினைக்கும்போதே அந்தப் பக்கம் ஏதோ கேட்டது. குப்புராஜ் கூடத்துப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். குரலை இன்னும் தாழ்த்தினார்.

"எனக்கா? எனக்கு ஒறவெல்லாம் இல்ல சார். நான் ஹவுஸ் ஓனரு. மாடில வாடகைக்கு கீறாங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு... அன்னிக்கா? அன்னிக்கு நான் பேசல சார். வேற யாராச்சும் எட்த்துப் பேசியிருப்பாங்க."

ஓவியா அப்படியே நின்றாள். சோப்பு நுரை முழங்கை வழியாக வழிந்து தரையில் சொட்டியது. முப்பது வயதுப் பெண், அப்பா எதிரில், அப்பாவின் வாயாலேயே யாரோ ஆகிப்போனாள். டிங்கர் என்று சொல்ல முடிந்தது அந்த மனிதரால். டிங்கர் தன் மாப்பிள்ளை என்று சொல்லத்தான் முடியவில்லை. அதைவிட மகளே இல்லை என்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஈரக் கையாலேயே போனைப் பிடுங்கினாள்.

"சார், நான் ஓவியா பேசறேன். கதிரேசனோட மனைவி." குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும், அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "இவ்வளவு நேரம் பேசினது எங்க அப்பா. அன்னைக்குப் பேசினதும் இவர்தான். என் வீட்டுக்காரர் டிங்கர் சார், பதினஞ்சு வருஷமா டிங்கர். அப்படிச் சொன்னா கௌரவம் போயிடும்னு அன்னைக்கு என்ஜினியர்னு பொய் சொன்னாரு. இன்னைக்கு அதே கௌரவத்துக்காக நான் பொண்ணே இல்லைன்னு சொல்றாரு. நீங்க எப்ப வேணும்னாலும் ஒர்க் ஷாப்புக்கு வந்து பாக்கலாம். நேரம்கூடச் சொல்ல வேணாம், திடீர்னு வாங்க."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த ஆள், "சரிம்மா, நீங்க சொன்னதைப் பதிவு பண்ணிக்கறேன்" என்றார். வைக்கும்போது, "கவலைப்படாதீங்க" என்று கேட்காமலே ஒரு வார்த்தை சேர்த்தார்.

குப்புராஜ் போனைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். "லோகு உள்ள குந்திகினு கீறான். இப்டியா கத்துவ?"

அவருக்கு அதுதான் கவலை. ஓவியா கூடத்துக்கு வந்தாள். லோகநாதன் கடலைத் தொலியைக் காகிதத்தில் திரட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"இன்னாம்மா, மாப்ள விசயமா? அவரு டிங்கருன்னு இங்க யாருக்குத் தெரியாது? என் வண்டி, பால்காரன் ஆட்டோ, அல்லாம் அவருகிட்டதான் போவுது. உங்கப்பன் என்ஜினியரு என்ஜினியருன்னும், நாங்களும் ஆமா ஆமான்னு கேட்டுகினு இருப்போம். பாவம், ஆச தீரச் சொல்லட்டுமேன்னு வுட்டோம்." பின்கட்டு வாசலில் நிழல் அசைவதைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "போறதுக்கு மின்னாடி என் பம்பர ஒரு தட்டு தட்டிட்டுப் போவச் சொல்லும்மா. மத்தவன்லாம் பட்டிய அப்பி வுட்றான்."

குப்புராஜ் பின்கட்டிலிருந்து வெகுநேரம் வரவில்லை. தனக்கோடி போய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லின் மேல் மழையில் உட்கார்ந்திருந்தாராம். "ஊரே தெரிஞ்சு வெச்சுகினு என்னிய வெச்சுப் பொழுது போக்கினு இருந்துகீறானுங்க" என்று முனகினாராம். மகளைப் பற்றி என்ன சொன்னோம் என்பது அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. தனக்கோடி தலையில் அடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள்.

அன்று கதிரேசன் வந்ததும் ஓவியா நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் சட்டைப் பித்தானைக் கழற்றியபடியே கேட்டுக்கொண்டிருந்தவன், அப்பா அவளை யாரென்று சொன்னார் என்ற இடம் வந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"வேற வீடு பாரு" என்றாள்.

"விசா வந்துட்டா ரெண்டு மாசத்துல போயிடுவோமே ஓவி."

"வந்தாலும் சரி, வராட்டியும் சரி. இங்கேர்ந்து நான் எந்த ஊருக்கும் கிளம்ப மாட்டேன். பாரு."

இரும்புலியூரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடு கிடைத்தது. மின்சார வண்டி போகும்போதெல்லாம் பாத்திரங்கள் ஆடும். தனக்கோடி வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து வந்து, வாய் ஓயாமல் புருஷனைத் திட்டிக்கொண்டே மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போவாள். குப்புராஜ் வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போக முடியுமா என்று கேட்டாராம்.

தீபாவளி முடிந்த வாரம் மிருதுளா போன் செய்து கத்தினாள். விசா வந்துவிட்டது. கதிரேசன் காக்கியோடு ஒர்க் ஷாப்பிலிருந்து அப்படியே ஓடிவந்தான். பிரிட்டோ ஒர்க் ஷாப்பில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கினார். அன்றைக்கு பம்பர் வேலைக்கு வண்டியை விட்டிருந்த லோகநாதனும் ஒரு கை சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு, வழியில் இரும்புலியூர் வீட்டு வாசலில் நிறுத்தினார். இறங்காமலே கண்ணாடியை இறக்கினார்.

"ஓவியா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காத. காலைல டீக்கடைல உங்கப்பன்கிட்ட, இன்னா குப்பு, விசா வந்துட்ச்சாமேன்னேன். அவனுக்குத் தெரியாதுன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆனா, தெரியுமே, என் பொண்ணு எனக்குத்தான் மொதல்ல போன் பண்ணிச்சுன்றான். பெஞ்சுல அல்லாருக்கும் டீ வேற வாங்கிக் குட்த்தான். நெசமா பண்ணியாம்மா?"

"இல்ல லோகு மாமா" என்றாள் ஓவியா. "காலி பண்ணிட்டுப் போனவங்க ஹவுஸ் ஓனருக்கு எதுக்கு போன் பண்ணப் போறோம்?"